பதினேழாம் நாள்: இழப்புக்குப் பிறகு சிங்கப்பூரில் துணை தேடுவது எப்படி

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வாடகை நாற்காலிகள் லாரியில் ஏறிப் போயின. பெரியப்பா குடும்பம் ஈப்போவுக்குப் பஸ் ஏறியது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அப்பாவின் கைப்பேசி அலறியது. பிரஷர் மாத்திரைக்காக அவர் வைத்திருந்த அலாரம். அதற்கு முந்தைய 16 நாளும் அது அடித்திருக்க வேண்டும். கூட்டத்தில் யாரோ ஒருவர் தினமும் அதை அமுக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். இரண்டு பேருமே எழுந்து போகவில்லை. அது அடித்து அடித்துத் தானே ஓய்ந்தது.

முதல் 16 நாளுக்கு நம் பெரியவர்கள் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். சமைக்க ஆள் உண்டு, கூட உட்கார ஆள் உண்டு, அடுத்து என்ன செய்வது என்று சொல்ல ஐயர் உண்டு. 17ஆம் நாளுக்கு அப்படி ஒரு ஏற்பாடும் கிடையாது. அதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் நாள்: முடிந்தவரை மற்றவரிடம் விடுங்கள்

வீட்டில் உயிர் பிரிந்தால் டாக்டர் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து இறப்பை உறுதிசெய்ய வேண்டும். மருத்துவமனையில் என்றால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். காரணம் தெரியாத இறப்பு, விபத்து, தற்கொலை என்றால் போலிசும் மரண விசாரணை அதிகாரியும் வருவார்கள். அப்போது உடல் கைக்கு வரத் தாமதமாகும்.

2022 மே 29 முதல், டாக்டர் இணையத்தில் சான்றளித்ததுமே இறப்பு தானாகப் பதிவாகிவிடுகிறது. முன்புபோல எங்கும் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மின்னிலக்க இறப்புச் சான்றிதழை அரசாங்கத்தின் 'மை லெகசி' இணையத்தளத்திலிருந்து 30 நாளுக்குள் இறக்கி, இரண்டு மூன்று பேர் கைப்பேசியில் போட்டு வையுங்கள். புளோக் கீழ்த்தளத்தில் சடங்கு வைக்க நகர மன்ற அனுமதி, மண்டாய் தகனச்சாலையில் நேரம், வண்டி எல்லாவற்றையும் இறுதிச்சடங்கு நிறுவனம் செய்துவிடும். அவர்களோடு பேசும் வேலையை மருமகனிடமோ நண்பரிடமோ கொடுங்கள். அந்தச் சில மணி நேரம் பின்னால் சரியாக ஞாபகம் வராது. அவசரத்தில் எவ்வளவுக்குத் தலையாட்டினோம் என்பதும் மறந்துவிடும். ரசீதுகளை ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைப்பது நல்லது.

பதினாறு நாள்: சடங்கு செய்கிற வேலை

பால் தெளிப்பது, அஸ்தி கரைப்பது, தினமும் விளக்கேற்றிப் படைப்பது. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, இவை கைக்கு வேலை கொடுக்கின்றன. மூளை ஓடாத நேரத்தில், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு என்ன செய்வது என்று சொல்கின்றன. நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் 'எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம், எல்லாருக்கும் வேலை இருக்கு' என்று யாராவது சொன்னால், ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள் என்பேன்.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் ஜனாஸா விரைவாக நடந்துவிடும். கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தா என்ற காத்திருப்புக் காலம் நான்கு மாதம் பத்து நாள். கிறிஸ்தவர்களுக்கு அடக்க ஆராதனை, பின்பு நினைவுத் திருப்பலி, நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஓபிர் ரோட்டு லூர்து மாதா ஆலயத்திலும் ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையிலும் தமிழிலேயே வழிபாடு உண்டு. ஜெபிக்கிற மொழியில் அழ முடிவதும் ஓர் ஆறுதல்தான்.

ஒப்பாரி நம் புளோக்குகளில் அநேகமாக ஓய்ந்துவிட்டது. 'மெதுவா அழு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்' என்று அடக்குகிறோம். கேட்டால் கேட்கட்டும். அவர்கள் வீட்டுச் சாவுக்கு மூன்று நாள், ஐந்து நாள் என்று அதே கீழ்த்தளத்தில் மணியும் மேளமும் நாமும் கேட்டவர்கள்தானே. எங்கள் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி ஒரு வார்த்தை பேசாமல் பணம் வைத்த வெள்ளை உறை ஒன்றை அம்மா கையில் வைத்துவிட்டுப் போனார்.

தமிழின் விசித்திரம் ஒன்றும் இங்கே சொல்ல வேண்டும். இழந்ததைச் சொல்லும் 'இழவு' என்ற சொல்லை வசவாக்கிவிட்டோம். பழைய புலவர்கள் இரங்கல் பாட்டுக்கு வைத்த பெயர் கையறுநிலை. செய்வதற்கு எதுவும் இல்லாமல் நிற்கும் நிலை. பதினேழாம் நாள் காலை எங்கள் வீட்டில் இருந்தது அதுதான்.

பதினேழாம் நாளிலிருந்து: உடம்பைக் கவனியுங்கள்

துக்கம் மனதில் மட்டும் வரும் என்று நினைத்திருந்தேன். எனக்கு முதலில் வந்தது தோள்வலி. அப்புறம் மறதி. ரயிலில் ஈசூனில் இறங்க வேண்டியவள் அடுத்த நிலையமான காதிப் வந்த பிறகுதான் விழித்தேன். தூக்கம் கெடும், பசி போகும் அல்லது கண்டபடி பசிக்கும், மார்பு அடைக்கும். கூட்டத்தில் இறந்தவரின் முதுகு தெரிவது போலிருக்கும். அவர் குரல் கேட்டது போலிருக்கும். பெரும்பாலும் இது பைத்தியமும் இல்லை, ஆவியும் இல்லை. இழந்தவர்கள் பலருக்கும் நடப்பது.

மார்புவலியை மட்டும் 'துக்கம்தான்' என்று தள்ளிவிடாதீர்கள். கடும் அதிர்ச்சியில் இதயத் தசை தற்காலிகமாகத் தளர்ந்துபோவதுண்டு. முதலில் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த இதை டாகோட்சுபோ என்கிறார்கள். அறிகுறி மாரடைப்பு போலவே இருக்கும். எது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. 995க்கு அழையுங்கள்.

முதல் சில வாரத்துக்கு நான் வைத்துக்கொண்ட இலக்கு மிகச் சின்னது: இரண்டு வேளை சாப்பாடு, ஒரு குளியல், பத்து நிமிடம் வெயில். இன்னொன்று, அம்மாவின் சர்க்கரை மாத்திரை. துணையை இழந்தவர்கள் தங்கள் மருந்தை மறப்பதும் பலதுறை மருந்தகத்தில் டாக்டரைப் பார்க்க வாங்கிய தேதியைத் தவறவிடுவதும் சகஜம். வீட்டில் இளையவர் ஒருவர் அந்தத் தேதிகளைத் தன் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

'ஐந்து கட்டம்' என்று யாராவது சொன்னால்

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. இந்த வரிசையை யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் இதை எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. இழந்து நிற்பவர்களுக்கு அதைப் பொருத்தியது பிற்பாடுதான். 'எனக்கு இன்னும் கோபமே வரலையே, ஏதும் கோளாறா?' என்று என் தம்பி ஒரு நாள் ராத்திரி கேட்டான். கோளாறு இல்லை. அந்த வரிசையில் நடந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

என் அனுபவத்துக்கு நெருக்கமாக இருந்தது 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னது. துக்கப்படுபவர் இரண்டு பக்கம் போய்ப் போய் வருகிறார். ஒரு பக்கம் இழப்பு: அழுகை, ஏக்கம், பழைய படங்கள். மறுபக்கம் பிழைப்பு: பில் கட்டுவது, சமைக்கக் கற்பது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது. ஒரே பக்கத்தில் தங்கிவிட்டால்தான் சிக்கல். காலையில் அழுது, மதியம் படிவம் நிரப்பி, மாலையில் தம்பி சொன்னதற்குச் சிரித்தால் அது அப்பாவுக்குச் செய்யும் துரோகம் இல்லை. சிரித்ததற்காக அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆள் பிரித்துக்கொள்ளுங்கள்

'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' என்று நாற்பது பேராவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் துக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. அதனால் பதினாறு நாளுக்குள், வீடு நிறைய ஆள் இருக்கும்போதே, ஒரு தாளில் எழுதிவையுங்கள். அழுதால் பேச்சை மாற்றாமல் கேட்பவர் யார்? காகிதம், கணினி தெரிந்தவர் யார்? மார்க்கெட்டுக்கும் டாக்டரிடமும் கூட வருபவர் யார்? மூன்றும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் மாமா நன்றாகச் சமைப்பார், மணிக்கணக்கில் வரிசையில் நிற்பார். ஆனால் அழுகையைக் கண்டால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். அவரிடம் அழுகையைக் கொண்டுபோனால் இருவருக்குமே கஷ்டம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கிழமையையும் பிரித்துக் கொடுங்கள். 'செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மாவுக்குப் போன் பண்ணுங்க சித்தி' என்று கேட்டால் அவர்களும் மறக்க மாட்டார்கள்.

காகித வேலை

ஒவ்வொரு இடத்திலும் 'அவர் இறந்துட்டார்' என்று சொல்ல வேண்டியிருப்பதுதான் இதில் கொடுமை. ஒரு முகப்பில் என்னிடம் 'அவரையே நேரில் வரச் சொல்லுங்கள்' என்றார்கள். தவறு என்று தெரிந்ததும் அந்தப் பெண் முகம் வெளுத்துப் போனது. தனியாகப் போகாதீர்கள், ஒரே நாளில் இரண்டு இடத்துக்கு மேல் போகாதீர்கள்.

பணத்தில் பலர் தடுமாறும் இடம் மத்திய சேமநிதி, அதாவது மசேநிதி. அது உயிலில் அடங்காது. இறந்தவர் நியமனம் செய்திருந்தால் நியமனதாரருக்குப் போகும். செய்யாவிட்டால் பொது அறங்காவலர் அலுவலகம் வழியாக வாரிசுச் சட்டப்படி பிரியும். திருமணமானால் முன்பு செய்த நியமனம் செல்லாது என்பதும் பலருக்குத் தெரியாது. இறந்தவர் 65 வயதுக்குள் என்றால் சார்ந்தோர் பாதுகாப்புத் திட்டத்தில் இருந்தாரா என்று பாருங்கள். 60 வயதுக்குள் 70,000 வெள்ளி, அதற்குப் பிறகு 65 வரை 55,000 வெள்ளி காப்புறுதி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனை மசேநிதியிலிருந்து கட்டிவந்தவர் என்றால், அந்தக் கடனுக்கான காப்புறுதியான வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்தையும் விசாரியுங்கள்.

வீட்டை விற்பது, பிள்ளையோடு போய்ச் சேர்வது போன்ற பெரிய முடிவுகளை அவசரம் இல்லாவிட்டால் சில மாதம் தள்ளிப்போடுங்கள். துணிமணிகளுக்கும் அதே பேச்சு. 'பார்த்தா அழுகைதான் வரும்' என்று அத்தைமார் இரண்டாம் வாரமே பையில் கட்டிவிடுவார்கள். ஒரு சட்டையையாவது ஒளித்துவையுங்கள்.

வெளியே எங்கே கேட்பது

உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால், அல்லது வீட்டில் ஒருவர் அப்படிப் பேசினால், 1767. சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர், 24 மணி நேரமும். பேச முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் 9151 1767. மனநல உதவிக்கான தேசிய எண் 1771, மனநலக் கழகத்தின் எண் 6389 2222. ஆபத்து கண்ணெதிரே என்றால் 995.

அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் வீடே கனக்கிறது என்றால் சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தில் தொடங்கலாம். 1991இல் தொடங்கிய அமைப்பு, பீட்டி ரோட்டில் இருக்கிறது, எண் 1800 295 4554. படிப்புதவிக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். குடும்பங்களுக்கான சேவையும் உண்டு. உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்தில் சமூக ஊழியர்கள் இருப்பார்கள். வருமானம் நின்றுபோன வீடு என்றால் அரசாங்கத்தின் காம்கேர் நிதியுதவி எண் 1800 222 0000. கணவனை இழந்த பெண்களுக்கென்றே விகேர் என்ற ஆதரவுக் குழு இருக்கிறது. கடைசி நாள்களில் ஹோஸ்பிஸ் (அந்திமகாலப் பராமரிப்பு) தாதியர் வந்து பார்த்திருந்தால் அவர்களையே முதலில் அழையுங்கள். இறந்த பிறகும் குடும்பத்துக்கு ஆறுதல் சேவை தரும் ஹோஸ்பிஸ்கள் இங்கே உண்டு. அப்பாவை அறிந்த ஒருவரிடம் பேசுவதற்கு முன்கதை சொல்ல வேண்டியதில்லை.

போனில் என்ன சொல்வது என்று தெரியாமல் பலர் வைத்துவிடுகிறார்கள். இதைப் பார்த்துப் படித்தாலே போதும்: 'எங்க அப்பா போன மாசம் தவறிட்டாங்க. அம்மா சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. யார்கிட்டயாவது பேசணும். தமிழ்ல பேச ஆள் இருக்காங்களா?' கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். ஆங்கிலத்தில் வேலை பார்க்கும் நாமும் அழும்போது தமிழில்தான் அழுகிறோம். அம்மாவைச் சம்மதிக்கவைக்க 'கவுன்சலிங்' என்று சொல்லி நான் தோற்றேன். 'அப்பாவைப் பத்திப் பேச ஒருத்தங்க இருக்காங்கம்மா' என்றதும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் ஆளோடு ஒத்துப்போகாவிட்டால் வேறு ஆளைக் கேட்கலாம். அது மரியாதைக் குறைவு இல்லை.

பிள்ளைகளிடம்

'தாத்தா தூங்குறார்' என்று சொல்லாதீர்கள். ராத்திரி தூங்கவே பயப்படும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். 'ஊருக்குப் போயிருக்கார்' என்றால் எப்போது வருவார் என்று கேட்கும். 'தாத்தா இறந்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. அவருக்கு இப்ப வலிக்காது. திரும்பி வரமாட்டார்.' ஐந்து வயதுக்கும் இது போதும். திரும்பி வரமாட்டார் என்பது சின்னப் பிள்ளைக்குப் பிடிபடாது, நாளைக்கும் கேட்கும். அதே பதிலைச் சொல்லுங்கள். அழுதுவிட்டு ஐந்து நிமிடத்தில் விளையாடப் போவதும் அவர்கள் துக்கத்தின் வழிதான். வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அரசுப் பள்ளிகளில் ஆலோசகர் இருப்பார்.

வேலை

துக்க விடுப்பு சிங்கப்பூரில் சட்டப்படி கட்டாயம் இல்லை. வேலை ஒப்பந்தத்தில் இருப்பதுதான் கிடைக்கும். பல இடங்களில் சில நாள், அதுவும் பெற்றோர், துணை, பிள்ளை என்றால்தான். நான் செய்த தவறு, விடுப்பு முழுவதையும் முதல் வாரத்திலேயே தீர்த்தது. ஆண்டு விடுப்பில் இரண்டு நாளைப் பதினேழாம் நாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் விசாரிக்காத துக்கங்கள்

கருக்கலைந்த பெண், விவாகரத்தான பிறகு முன்னாள் கணவனை இழந்தவள், வெளியே சொல்ல முடியாத காதலரை இழந்தவர். இவர்களுக்குப் பதினாறு நாள்கூடக் கிடைப்பதில்லை. முதல் நாளே பதினேழாம் நாள்தான். கென்னத் டோக்கா என்ற அறிஞர் 1989இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார். அங்கீகாரம் மறுக்கப்பட்ட துக்கம் என்று தமிழில் சொல்லலாம்.

நம் ஊரில் இதற்குப் பெரிய உதாரணம் துவாஸ் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியில் கைப்பேசித் திரையில் தாயின் சிதையைப் பார்க்கும் தம்பிகள். கடன் அடையவில்லை, டிக்கெட்டுக்குக் காசில்லை, மறுநாள் காலை ஆறு மணிக்கு லாரி. அவர்களுக்கு ஆலோசனை தரும் ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகள் உண்டு. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்கள் ஒன்று செய்யலாம்: அம்மா படம் ஒன்றை வைத்து ஒரு விளக்கு, ஒரு வாய்ச் சோறு. அவர் பெயரைச் சொல்லி ஐந்து பேர் உட்கார்ந்தாலே அது காரியம்தான்.

தற்கொலையில் ஒருவரை இழந்த வீடு காரணத்தை மறைக்க வேண்டியிருப்பதால் இரட்டைச் சுமை சுமக்கிறது. சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி 2020 ஜனவரி முதல் குற்றமல்ல. சட்டம் மாறிவிட்டது, சொந்தக்காரர்கள் வாய் இன்னும் மாறவில்லை. இப்படி இழந்தவர்களுக்கென்று சமாரிட்டன்ஸ் தனி ஆதரவுக் குழு நடத்துகிறது. அங்கே யாரும் 'ஏன்' என்று குடைய மாட்டார்கள்.

எப்போது டாக்டரிடம் போவது

துக்கத்துக்குக் கெடு கிடையாது. ஆனால் சிலருக்கு அது இளகாமல் உறைந்துவிடுகிறது. ஏக்கம் நாள் முழுக்க, ஏறக்குறைய தினமும், இருந்துகொண்டே இருக்கும். நடந்ததை நம்ப முடியாது, தன்னில் பாதி செத்துவிட்டதாகத் தோன்றும், எதிலும் அர்த்தம் இராது. வேலையும் உறவும் குலைந்துபோகும். இதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் குறைந்தது 6 மாதம், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022 கையேட்டில் பெரியவர்களுக்கு 12 மாதம் என்று அளவு. உதவி கேட்க அதுவரை காத்திருக்க வேண்டாம். குடி கூடினால், சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால், மூன்றாவது வாரமே போகலாம். பலதுறை மருந்தகத்தில் தொடங்கினால் போதும், தேவை என்றால் அவர்களே மேலே அனுப்புவார்கள்.

தலைத்திவசம் வரை நாட்காட்டி

ஒரு நாட்காட்டியை எடுத்து அவர் பிறந்தநாள், திருமண நாள், ஆடி அமாவாசை, தீபாவளி எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். அந்த நாளைவிட அதற்கு முந்தைய வாரம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. முதல் தீபாவளிக்குப் பண்டிகை இல்லை என்பதால் யாரும் வரமாட்டார்கள். தேக்கா முழுக்க விளக்கு எரியும்போது அம்மா மட்டும் இருட்டில். அன்றைக்கு நாங்கள் அப்பாவுக்குப் பிடித்த மீன்தலைக் கறியை வாங்கி இலையில் படைத்துவிட்டுச் சாப்பிட்டோம். அது முறையா என்று தெரியாது. அம்மா முழுச் சோறும் சாப்பிட்டார்.

அஸ்தியைக் கடலில் கரைத்தவர்களுக்குப் போய் நிற்க ஒரு கல்லறை கிடையாது. உங்களுக்கென்று ஓர் இடம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சாங்கி கடற்கரையில் ஒரு பெஞ்சு.

விசாரிக்கப் போகிறவர்களுக்கு

பதினாறாம் நாள் விருந்துக்கு வர முடியவில்லை என்று வருத்தப்படாதீர்கள். அன்றைக்கு வீடு நிறைய ஆள் இருப்பார்கள். அடுத்த வாரம் போங்கள். 'ஆண்டவன் கணக்கு', 'வயசாயிடுச்சுல்ல' இரண்டையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். இறந்தவர் பெயரைச் சொல்லுங்கள், அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு சின்னக் கதையைச் சொல்லுங்கள். அப்பா கோப்பிக் கடையில் எல்லாருக்கும் காசு கொடுத்துவிட்டு வீட்டில் திட்டு வாங்கிய கதை எங்களுக்கே தெரியாது. அவருடைய பழைய நண்பர் ஒருவர் இருபத்தைந்தாம் நாள் வந்து சொன்னார்.

போக முடியாவிட்டால் ஒரு செய்தி. எதிர்த்த புளோக்கில் இருக்கும் அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மாவுக்கு அனுப்பியது இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: 'நாளைக்கு ஏழரைக்கு மார்க்கெட் போறேன். உங்களுக்கு மீன் எடுத்துட்டு வரேன், வஞ்சிரமா கெண்டையா? பதில் போடலைன்னா வஞ்சிரம்.'